பணியிடப் போதைப்பொருள் பரிசோதனை: யாருக்கு, எப்போது, எந்த முறையில்?

ஊழியர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால் பேச்சு இரண்டாவது நிமிடத்திலேயே முட்டி நின்றுவிடுகிறது. "ஓர் உயிர் போனால் யார் பொறுப்பு?" என்கிறது நிர்வாகம். "என் உடம்புக்குள் எட்டிப் பார்க்க நீங்கள் யார்?" என்கிறார் ஊழியர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கொள்கையை எழுத உட்காரும்போது அந்த ஒற்றைக் கேள்வி நான்காகப் பிரிகிறது: யாரைச் சோதிப்பது, எப்போது, உடலிலிருந்து எதை எடுத்து, முடிவை யார் கையில் கொடுப்பது? ஒவ்வொன்றுக்கும் பல விடைகள் உண்டு. ஒவ்வொரு விடையும் பாதுகாப்பில் ஏதோ ஒன்றைத் தருகிறது, தனியுரிமையில் ஏதோ ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

அவற்றை ஒப்பிட நான் ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். இந்த மனிதர் இந்த ஷிஃப்டில் இந்த வேலையை யாருக்கும் ஆபத்தில்லாமல் செய்யும் நிலையில் இருக்கிறாரா என்பதைச் சோதனை சொல்கிறதா? சொல்கிறது என்றால், ஓரளவு தனியுரிமையை விட்டுக்கொடுக்குமாறு அவரைக் கேட்கலாம். வேலை நேரத்துக்கு வெளியே அவர் எப்படி வாழ்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது என்றால், சம்பளம் கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை கிடையாது. போதைப்பொருள் சட்டவிரோதம் அல்லவா என்பது இதற்குப் பதிலாகாது. சட்டத்தை மீறுபவரைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. அந்தக் காவல்துறையே நினைத்தபோதெல்லாம் ஒருவருடைய சிறுநீரைக் கேட்டுவிட முடியாது.

சோதனை உண்மையில் எதை அளக்கிறது

மதுவுக்கான மூச்சுச் சோதனையிலிருந்து தொடங்குவோம். கருவியில் ஊதும் அந்த நேரத்தில் உடலில் எவ்வளவு மது இருக்கிறது என்பதை அது அளக்கிறது. அந்த அளவுக்கும் கண், கை, மூளை தடுமாறுவதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. விமானிகளுக்கும் ரயில் ஓட்டுநர்களுக்கும் மூச்சுச் சோதனை வைக்கும்போது பெரிதாக யாரும் முகம் சுளிக்காததற்குக் காரணம் இதுதான். கேட்கிற கேள்விக்கு அது நேராகப் பதில் தருகிறது.

சிறுநீர்ச் சோதனையை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. கஞ்சாவைப் பொறுத்தவரை அது முக்கியமாகத் தேடுவது, போதை தரும் டிஹெச்சியை உடல் சிதைத்த பிறகு மிஞ்சும், போதை தராத ஒரு கழிவுப்பொருளை. டிஹெச்சி கொழுப்பில் தங்கி மெதுவாகவே வெளியேறுவதால், எப்போதாவது புகைத்தவரிடம் சில நாட்களுக்கும், தினமும் புகைத்தவரிடம் நிறுத்திய பிறகு ஒரு மாதத்துக்கு மேலும்கூட அந்தக் கழிவு தென்படும். கொக்கெய்னின் சுவடோ பொதுவாக இரண்டு முதல் நான்கு நாட்களில் மறைந்துவிடும். ஆகவே வெள்ளி இரவு கொக்கெய்ன் எடுத்தவர் புதன்கிழமைச் சோதனையில் தப்பிவிடலாம். இரண்டு வாரத்துக்கு முன்பே கஞ்சாவை விட்டவர் மாட்டிக்கொள்ளலாம். இருவரில் யார் இன்று கிரேன் ஓட்டத் தகுதியானவர் என்பதைப் பற்றி அந்தக் காகிதம் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் சிறுநீரில் கஞ்சாவுக்கான வரம்பு, முதற்கட்டச் சோதனையில் மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். உறுதிப்படுத்தும் சோதனையில் 15. பல நிர்வாகங்கள் இந்த எண்ணைத் தாண்டியவர் போதையில் இருந்தார் என்று படிக்கின்றன. அந்த எண்ணுக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. ஆய்வகம் எந்த அளவுக்கு மேல் 'உண்டு' என்று எழுத வேண்டும் என்பதற்கான கோடு அது, அவ்வளவே. கோடு மாறினால் குற்றவாளியும் மாறிவிடுவார். அபின் வகைப் பொருட்களுக்கு முன்பு 300 நானோகிராம் என்றிருந்த முதற்கட்ட வரம்பை 1998-ல் 2000 ஆக உயர்த்தினார்கள். கசகசா சேர்த்த உணவைச் சாப்பிட்டவர்களும், மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை விழுங்கியவர்களும் அந்த வலையில் விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் இதற்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கலிஃபோர்னியா மாநிலம் 2024 ஜனவரி 1 முதல், போதை தராத கஞ்சாக் கழிவுப்பொருள் உடலில் இருந்தது என்பதை மட்டும் வைத்துப் பெரும்பாலான வேலைகளில் ஒருவரைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது. வேலையில் போதையோடு இருப்பதை அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. கேள்வியைச் சரியாகக் கேளுங்கள் என்கிறது.

எல்லோருக்கும், முன்னறிவிப்பின்றி

நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. கணினி குலுக்கிப் போடும் பெயர்களை அழைத்துச் சோதிப்பது. யாரையும் குறிவைக்கவில்லை என்ற தோற்றம் இதற்கு உண்டு. பயத்தால் சிலர் விலகியிருப்பார்கள் என்ற வாதத்தையும் நான் ஒதுக்கித் தள்ளவில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1000 பேர் வேலை செய்யும் இடத்தில் 20 பேர் போதைப்பொருள் பயன்படுத்துபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதற்கட்டச் சோதனை 100-க்கு 95 முறை சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். 20 பேரில் 19 பேரை அது கண்டுபிடிக்கும். மீதமுள்ள 980 பேரில் 49 பேரையும் தவறாகச் சுட்டிக்காட்டும். பாசிட்டிவ் என்று வந்த 68 பேரில் 49 பேர் எதுவும் செய்யாதவர்கள்! பழக்கம் அரிதாக இருக்கும் இடத்தில் எந்தச் சோதனைக்கும் இதுதான் கதி. நல்ல ஆய்வகத்தில் செய்யும் உறுதிப்படுத்தும் சோதனை இந்த 49 பேரில் ஏறக்குறைய எல்லோரையும் விடுவிக்கும். செலவு மிச்சம் என்று முதற்கட்டச் சோதனைப் பட்டையோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனத்தில் அவர்களுக்கு அந்த வழியும் இல்லை. உறுதிச் சோதனை முடியும்வரை அவர்களை வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தால், அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

மாதிரி எடுக்கும் முறையையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிகளின்படி, கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் சிறுநீரின் வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். தவறினால் ஒருவர் நேரில் நின்று பார்க்க மறுபடியும் கொடுக்க வேண்டும். போதுமான அளவு கொடுக்க முடியாதவர் மூன்று மணி நேரம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகும் முடியாமல் போய், மருத்துவக் காரணம் ஏதும் இல்லை என்று முடிவானால், சோதனைக்கு மறுத்ததாகவே எழுதுவார்கள். பிறர் அருகில் இருக்கும்போது சிறுநீர் கழிக்கவே முடியாத மனிதர்கள் இருக்கிறார்கள். அது ஒரு கோளாறு, ஏமாற்று வேலை இல்லை. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பில் சரிபார்க்கும் ஒருவரை இதற்கெல்லாம் ஆளாக்க எந்தப் பாதுகாப்புக் காரணமும் எனக்குத் தென்படவில்லை.

கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஒரு காகித ஆலை, ஆபத்து மிகுந்த வேலைகளில் இருந்தவர்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேருக்குக் குலுக்கல் முறையில் மதுச் சோதனை நடத்தியது. தொழிற்சங்கம் எதிர்த்தது. 2013-ல் இர்விங் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. ஆலை ஆபத்தான இடம்தான் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 15 ஆண்டுகளில் மது தொடர்பாகப் பதிவானவை எட்டுச் சம்பவங்கள். திட்டம் நடந்த 22 மாதங்களில் ஒருவர்கூடப் பாசிட்டிவ் ஆகவில்லை. இடம் ஆபத்தானது என்பது மட்டும் போதாது, அந்த இடத்தில் இப்படி ஒரு பிரச்சினை இருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். மூச்சுச் சோதனைக்கே இவ்வளவு கேட்டார்கள் என்றால் சிறுநீருக்கு இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

வேலைக்குச் சேர்வதற்கு முன் ஒருமுறை சோதிப்பது இதன் தம்பி. சோதனை நாள் முன்கூட்டியே தெரிவதால் சில நாட்கள் தள்ளியிருக்கத் தெரிந்தவர் தேறிவிடுவார். வேலை கையில் இல்லாததால் மறுக்கும் வலுவும் விண்ணப்பதாரருக்குக் கிடையாது. அதிகம் பேச இதில் ஒன்றும் இல்லை.

ஆபத்தான வேலைகளுக்கு மட்டும்

1987 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில், சிவப்பு சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு ரயில் எஞ்சின்களின் மீது பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். எஞ்சினை ஓட்டியவர்கள் கஞ்சா புகைத்திருந்தார்கள். போக்குவரத்து ஊழியர்களுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கிய 1991-ம் ஆண்டுச் சட்டத்துக்கு இந்த விபத்து முக்கியத் தூண்டுதலாக இருந்தது. அந்த 16 பேரின் குடும்பத்தார் முன்னால் நின்று தனியுரிமையே எப்போதும் பெரிது என்று என்னால் சொல்ல முடியாது.

அதே விபத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எஞ்சினில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் விசிலின் வாயை டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். சிக்னலைத் தாண்டினால் தானாக நிறுத்தும் கருவி அந்தச் சரக்கு எஞ்சின்களில் இல்லவே இல்லை. சோதனைக் கொள்கையை மட்டும் கொண்டுவந்துவிட்டுக் கருவியை விட்டுவிட்டால், தூங்கிவிடும் ஓட்டுநரும் நெஞ்சுவலி வந்த ஓட்டுநரும் அதே சிக்னலைத் தாண்டுவார்கள்.

நீதிமன்றங்கள் இந்த வேலைகளைத் தனியாகவே பார்த்திருக்கின்றன. 1989-ல் ஸ்கின்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய ரயில் விபத்துக்குப் பின் ரத்தமும் சிறுநீரும் எடுப்பதை 7-க்கு 2 என்ற கணக்கில் அனுமதித்தது. அனுமதித்த அந்தத் தீர்ப்பே, ஒருவருக்கு வலிப்பு நோய் உண்டா, கர்ப்பமா, நீரிழிவா என்பதையெல்லாம் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே இதுவும் வீட்டில் நுழைந்து தேடுவதைப் போன்ற ஒரு சோதனையிடல்தான் என்பதை ஒப்புக்கொண்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1997-ல், தேர்தல் வேட்பாளர்கள் போதைப்பொருள் சோதனைச் சான்று தர வேண்டும் என்ற ஜார்ஜியா மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் 8-க்கு 1 என்று தள்ளுபடி செய்தது. உண்மையான ஆபத்து எதையும் காட்டாமல் ஓர் அடையாளத்துக்காகச் சோதிக்க முடியாது என்றது. 2004-ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், அணுமின் நிலையத்தில் துப்புரவு வேலை செய்த பெண்ணின் புகாரை ஏற்கவில்லை; அந்த இடத்தின் தன்மையே போதிய காரணம் என்றது. 2017-ல் புட்டசாமி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தபோது, அதில் கைவைக்கச் சட்டம், நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு ஆகிய மூன்றும் தேவை என்று அங்கே எழுதப்பட்டது. அரசைக் கட்டுப்படுத்த எழுதியதுதான் என்றாலும், தனியார் நிறுவனமும் தன் கொள்கையை இந்த மூன்றிலும் உரசிப் பார்க்கலாம்.

ஆகவே ஒரு நிமிடத் தடுமாற்றம் பிறர் உயிரைப் பறிக்கக்கூடிய வேலைகளில், முன்னறிவிப்பற்ற சோதனையை நான் ஏற்கிறேன். ஒரு நிபந்தனை. எந்தெந்த வேலைகள் என்ற பட்டியலை நிர்வாகமும் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித் தயாரிக்க வேண்டும். 'பாதுகாப்பு சார்ந்த பணி' என்று பொதுவாக எழுதிவிட்டால் ஒரே ஆண்டில் வரவேற்பறை ஊழியரும் அதற்குள் வந்துவிடுவார்.

சந்தேகம் எழும்போது, விபத்து நடந்தபின்

நியாயமான சந்தேகத்தின் பேரில் சோதிப்பதுதான் தனியுரிமைக்கு மிகக் குறைந்த சேதம் செய்வது, காகிதத்தில். நடைமுறையில் அது மேற்பார்வையாளரின் மனச்சாய்வுக்கு ஒரு ஆயுதமாகிவிடக் கூடும். சங்க வேலை செய்பவர், வாய் பேசுபவர், பிடிக்காத சமூகத்திலிருந்து வந்தவர் ஆகியோர் மீதே சந்தேகம் திரும்பத் திரும்ப விழும். தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, கவனச்சிதறல் எல்லாம் ரத்தச் சர்க்கரை இறங்கியதாலும் இருக்கலாம், பக்கவாதத்தின் தொடக்கமாகவும் இருக்கலாம். முதலில் மருத்துவ உதவி, பிறகுதான் சோதனை. அமெரிக்காவில் லாரி, பஸ் ஓட்டுநர்களை மேற்பார்வை செய்பவர்கள் மதுவின் அறிகுறிகளைப் பற்றி 60 நிமிடமும் போதைப்பொருள் அறிகுறிகளைப் பற்றி 60 நிமிடமும் பயிற்சி பெற வேண்டும். இரண்டு மணி நேரம் போதுமா என்பது வேறு விஷயம். அந்தப் பயிற்சிகூட இல்லாதவர் ஒருவரைச் சுட்டிக்காட்டும் அதிகாரம் பெறக் கூடாது. பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியாகக் கண்டதை அன்றே எழுதிக் கையெழுத்திட வேண்டும், அதன் நகல் ஊழியருக்கும் தரப்பட வேண்டும். இவ்வளவும் இருந்தால் இதுவே எனக்கு மிகவும் ஏற்புடைய வழி.

விபத்துக்குப் பின் சோதிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கையில் சின்ன வெட்டுக் காயம் என்றாலும் சோதனை உண்டு என்று விதி வைத்தால், காயம்பட்டவர்கள் சொல்லாமல் மறைப்பார்கள். காயங்களின் கணக்கு காகிதத்தில் குறையும், இயந்திரம் அப்படியே இருக்கும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு 2016-ல் இதைத்தான் எச்சரித்தது. 2018-ல் அது அளித்த விளக்கம், விபத்தின் காரணத்தை அறிவதற்காகச் செய்யும் சோதனைகளைப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. உயிர்ச்சேதம், பலத்த காயம், பெரிய சேதம் என்று எல்லை வகுத்து, அந்தச் சம்பவத்துக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய எல்லோரையும், உத்தரவிட்ட மேலாளர் உட்பட, சோதிப்பதே நேர்மை.

சிறுநீரா, உமிழ்நீரா, தலைமுடியா

யாரை, எப்போது என்பதற்கு இணையான கனம் இந்தத் தேர்வுக்கும் உண்டு. பல நிறுவனங்கள் இதை ஆய்வகத்தின் விலைப்பட்டியலுக்கு விட்டுவிடுகின்றன, அது பெரும் தவறு.

தலைமுடி ஏறக்குறைய 90 நாள் வரலாற்றைச் சொல்லும். நேற்று எடுத்ததைச் சொல்லாது, ஏனென்றால் முடி தோலுக்கு மேலே வளர்ந்து வர ஒரு வாரமாவது ஆகும். இன்றைய ஷிஃப்டைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் மூன்று மாத அந்தரங்கத்தைக் கொட்டிவிடும் சோதனை இது. கறுத்த முடியிலுள்ள நிறமி கொக்கெய்ன் போன்ற சில பொருட்களை அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. பாஸ்டன் காவல்துறையின் முடிச் சோதனையை எதிர்த்துக் கறுப்பின அதிகாரிகள் தொடுத்த வழக்கில், சோதனையின் பாதிப்பு அவர்கள்மீது ஏற்றத்தாழ்வாக விழுந்திருப்பதை 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. என் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

உமிழ்நீர் பொதுவாகக் கடைசி ஒன்றிரண்டு நாள் பயன்பாட்டைத்தான் காட்டும். கஞ்சாவுக்குப் பெரும்பாலும் இன்னும் குறைந்த நேரம். வாயில் ஒரு பஞ்சுக்குச்சி, எதிரே ஒருவர், அவ்வளவுதான். கழிப்பறைக் கதவுக்கு வெளியே யாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, மாதிரியை மாற்றி வைப்பதும் கடினம். 2012-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு மின்விநியோக நிறுவனம் சிறுநீர்ச் சோதனையைக் கொண்டுவர முயன்றபோது, அந்நாட்டின் தொழில் தீர்ப்பாயம் உமிழ்நீரே போதும் என்றது. பணியில் ஆபத்து விளைவிப்பவரைக் கண்டறிய நிறுவனத்துக்கு உரிமை உண்டு, ஊழியர் தன் சொந்த நேரத்தில் என்ன செய்கிறார் என்று கட்டளையிட உரிமை இல்லை என்பது அந்த முடிவின் அடிப்படை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2023-ல் உமிழ்நீரை அனுமதிக்கும் விதியை வெளியிட்டது. உமிழ்நீரும் தடுமாற்றத்தை அளப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் கிடைக்கிறவற்றில் இன்றைய நாளுக்கு மிக அருகில் நிற்பது அதுதான்.

போதையைத் தேடாமல் விழிப்பைச் சோதித்தால்?

1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 0.10 சதவீத அளவுக்கு. இரண்டு ஷிஃப்டை அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லும் நிர்வாகம், அந்த ஊழியரின் சிறுநீரை மட்டும் கேட்பது எனக்குக் கோபமூட்டுகிறது. அவர் தேறிவிடுவார். பிறகு தூக்கக் கலக்கத்தோடு ஃபோர்க்லிஃப்டில் ஏறுவார்.

திரையில் விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தும் எதிர்வினைச் சோதனைகள் பல ஆண்டுகளாகத் தூக்க ஆய்வில் பயன்படுகின்றன. சில நிமிடங்களில் முடியும். காரணத்தை அவை கேட்பதில்லை. மது, மருந்து, தூக்கமின்மை, வீட்டில் ஒரு துக்கம், எதுவானாலும் இன்று இந்த இயந்திரம் வேண்டாம் என்று மட்டும் சொல்லும். என் அளவுகோலுக்கு நேராகப் பொருந்துவது இதுதான். குறையும் உண்டு: ஒவ்வொருவரின் வழக்கமான வேகத்தை முதலில் பதிந்து வைக்க வேண்டும், வயதானவர்களைப் பாதிக்காமல் ஒப்பிட வேண்டும், ஊக்கப்பொருள் எடுத்தவர் சில நேரம் இன்னும் வேகமாகவே அழுத்துவார். அதனால் வேதியியல் சோதனையை முழுதாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இதை அன்றாடக் காவலாகவும், அதைச் சந்தேகத்துக்கும் பெரிய விபத்துக்கும் ஆனதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

முடிவு யார் கையில்

எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்த இடத்தில் தவறினால் மற்றதெல்லாம் வீண். ஆய்வக முடிவு நேராக மேலாளரின் மேசைக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு மருத்துவர் வேண்டும். அவர் முதலில் ஊழியரை அழைத்து, மருந்துச் சீட்டு ஏதாவது உண்டா என்று கேட்டு, அது உண்மையானால் முடிவை நெகட்டிவ் என்று எழுத வேண்டும். மனநலத்துக்கோ கவனக்குறைபாட்டுக்கோ மருந்து எடுப்பவர் அந்தச் செய்தியை மருத்துவரிடம் மட்டும் சொன்னால் போதும். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது 'பணிக்குத் தகுதி' அல்லது 'தற்போது தகுதியில்லை' என்ற ஒரே வரி. சோதனைக்கு முன்பே எல்லோரிடமும் மருந்துப் பட்டியல் எழுதி வாங்கும் படிவத்தை எங்கு பார்த்தாலும் கிழித்துப் போட வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு, ஊழியர் கேட்டால் மற்றொரு ஆய்வகத்தில் சோதிக்க வழி வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்து விதிகள் இதைக் கேட்க 72 மணி நேரம் தருகின்றன.

உறுதியான பாசிட்டிவ் வந்தபிறகு வேலைநீக்கமா, சிகிச்சையா? சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1996-ம் ஆண்டு நடைமுறை நெறி, மது, போதைப் பிரச்சினைகளை மற்ற உடல்நலப் பிரச்சினைகளைப் போலவே நடத்தச் சொல்கிறது. நானும் சிகிச்சையின் பக்கமே. ஆபத்தான வேலையிலிருந்து உடனே விலக்கி, ஊதியத்தோடு வேறு வேலை கொடுத்து, குணமானபின் திரும்ப அழைப்பது. திரும்பியவரைத் தொடர்ந்து சோதிப்பது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் அதில் ஒரு காரணம் இருக்கிறது, ஒரு காலவரையும் இருக்கிறது. அமெரிக்க விதிகளில் முதல் 12 மாதங்களில் குறைந்தது ஆறு முறை. வேலையே போய்விடும் என்றால் யாரும் தானாக வந்து உதவி கேட்க மாட்டார்கள். பழக்கம் மறைவாகவே வளரும்.

ஆகவே எந்தக் குழு கேட்டாலும் நான் சொல்லக்கூடியது இதுதான். அலுவலக வேலைகளுக்குச் சோதனையே வேண்டாம். சந்தேகம் எழுந்தால் மேலே சொன்ன நடைமுறைகளோடு மட்டும். தொழிற்சாலைத் தளத்தில் எதிர்வினைச் சோதனையும் ஓய்வு நேர விதியும் முதலில். உமிழ்நீர், மூச்சுச் சோதனைகள் சந்தேகத்துக்கும் பெரிய விபத்துக்கும். காரணம் எழுதிய பட்டியலிலுள்ள வேலைகளுக்கு மட்டும் முன்னறிவிப்பற்ற உமிழ்நீர்ச் சோதனை. சிறுநீர், சட்டம் கட்டாயப்படுத்தும் துறைகளில் மட்டும்.

கொள்கையின் கடைசிப் பிரிவாக ஒரு காலாவதித் தேதியையும் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து எத்தனை பேரைச் சோதித்தோம், எத்தனை உறுதியானது, எத்தனை தவறாகப் போனது, விபத்துகள் குறைந்தனவா என்ற கணக்கைப் பெயர்கள் இல்லாமல் ஊழியர்கள் முன் வைக்க வேண்டும். கணக்கு சோதனையை நியாயப்படுத்தவில்லை என்றால், நீட்டிக்க யாரும் கையெழுத்திடாத நிலையில் அது தானாகவே நின்றுவிட வேண்டும். அதுவரை சேர்ந்த தனிநபர் முடிவுகள், வழக்கில் இருப்பவை தவிர, அழிக்கப்பட வேண்டும்.